எம்ஆர்ஐ விபத்துகள்: தொடர்கல்வி யாரை எட்டவில்லை?

2025 ஜூலையில் நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில், வெஸ்ட்பரி என்ற ஊரிலுள்ள ஸ்கேன் மையத்தில் 61 வயதுக்காரர் ஒருவர் எம்ஆர்ஐ அறைக்குள் நுழைந்தார். ஸ்கேன் அவருக்கு இல்லை, அவருடைய மனைவிக்கு. மேசையிலிருந்து எழுந்திருக்க மனைவி உதவிக்குக் கூப்பிட்டதால் கைகொடுக்கப் போனார். உடற்பயிற்சிக்காகக் கழுத்தில் மாட்டியிருந்த சங்கிலி கிட்டத்தட்ட 9 கிலோ. காந்தம் சங்கிலியோடு சேர்த்து ஆளையே இழுத்துக்கொண்டது. மறுநாள் இறந்துபோனார்.

இந்த மாதிரிச் செய்தி வரும்போதெல்லாம் இரண்டு கேள்விகள் எழுகின்றன. ஸ்கேன்தான் முடிந்துவிட்டதே, அப்புறம் எப்படி இழுத்தது? படித்த டெக்னீஷியன் பக்கத்திலேயே இருந்தும் எப்படி நடந்தது? முதல் கேள்விக்கு இயற்பியலில் பதில் இருக்கிறது, சுருக்கமாகவே சொல்லிவிடலாம். இரண்டாவதுதான் பெரியது. எம்ஆர்ஐ பிரிவில் இருப்பவர்கள் பட்டம் வாங்கிய பிறகு தொடர்கல்வி என்ற பெயரில் என்ன படிக்கிறார்கள், யார் அதைக் கேட்டு வாங்குகிறார்கள், அந்தப் படிப்பு யாரோடு நின்றுவிடுகிறது என்று பார்த்தால்தான் அது விளங்கும்.

## காந்தத்துக்கு ஓய்வு கிடையாது

எம்ஆர்ஐ இயந்திரத்துக்குள் மூன்று வகைப் புலங்கள் வேலை செய்கின்றன. ஒவ்வொன்றின் ஆபத்தும் ஒவ்வொரு மாதிரி.

1. நிலைக்காந்தப்புலம். பெரும்பாலான மருத்துவமனைகளில் இதன் வலிமை 1.5 டெஸ்லா அல்லது 3 டெஸ்லா. 1.5 டெஸ்லா என்றால் பூமியின் காந்தப்புலத்தைப்போல் சுமார் 30,000 மடங்கு. திரவ ஹீலியத்தில், மைனஸ் 269 டிகிரியில் அமிழ்ந்திருக்கும் மீகடத்திச் சுருளில் மின்சாரம் தடையில்லாமல் சுற்றிக்கொண்டே இருப்பதால் இந்தப் புலம் உண்டாகிறது. கரன்ட் போனாலும், கம்ப்யூட்டரை அணைத்தாலும், ராத்திரி அறையைப் பூட்டிவிட்டுப் போனாலும் காந்தம் அப்படியே இருக்கும். இரும்பை இழுப்பது இதுதான்.

2. கிரேடியன்ட் புலங்கள். ஸ்கேன் ஓடும்போது மட்டும் நொடிக்குப் பலமுறை மாறும். அந்த 'டக் டக்' சத்தம் இவற்றால் வருவது. காதுக்கு அடைப்பான் தராவிட்டால் செவி பாதிக்கும். சில நேரம் தசை தானாகத் துடிக்கும்.

3. ரேடியோ அலை. உடம்பைச் சூடாக்கும். உடம்பு மொத்தத்துக்கும் சராசரியாகக் கிலோவுக்கு 2 வாட் என்பது வழக்கமான வரம்பு. மருத்துவக் கண்காணிப்போடு 4 வாட் வரை போகலாம். ஒயர் வளைந்து கிடந்தாலோ, இரண்டு தொடைகளும் வெறுமனே ஒட்டிக்கொண்டிருந்தாலோ அந்த இடத்தில் மின்னோட்டம் சுற்றித் தோல் வெந்துவிடும். செய்தியில் வருவது சிலிண்டர் பறந்த கதை. எண்ணிக்கையில் அதிகம் பதிவாவது என்னவோ இந்தத் தீப்புண்கள்தான்.

இதில் அனுபவசாலிகளையே ஏமாற்றும் விஷயம் ஒன்று உண்டு. பழைய காந்தங்களின் புலம் அறை முழுக்கப் பரவிக் கிடக்கும். கையில் இரும்பு இருந்தால் வாசலிலேயே லேசாக இழுப்பது தெரியும். இப்போதைய காந்தங்களில் புலம் வெளியே கசியாமலிருக்க எதிர்ச்சுருள்கள் வைக்கிறார்கள். அதனால் இரண்டடி தள்ளி ஒன்றும் தெரியாது, அடுத்த அடியில் பிடிக்க முடியாத வேகத்தில் பிடுங்கிக்கொண்டு போகும். பதினைந்து வருடம் பழைய மெஷினில் வேலை பார்த்தவரின் கைப்பழக்கம் புது மெஷினில் எச்சரிக்கை தராது. தொடர்கல்வி ஏன் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு மாற்றத்தைச் சொன்னாலே போதும்.

## இரும்பை உள்ளே கொண்டுபோனவர்கள்

ஆவணப்பட்ட சில விபத்துகளை வரிசையாக வைத்துப் பார்ப்போம்.

2001, நியூயார்க் மாநிலம் வால்ஹாலா. மயக்க மருந்து கொடுத்து ஸ்கேன் செய்துகொண்டிருந்த 6 வயதுப் பையனுக்கு ஆக்சிஜன் தேவைப்பட்டது. குழாய்வழி வர வேண்டிய ஆக்சிஜன் வரவில்லை. அவசரத்தில் சாதாரண இரும்புச் சிலிண்டர் அறைக்குள் போனது. பறந்துபோய்ப் பையன் தலையில் மோதியது. பையன் பிழைக்கவில்லை.

2014, நவி மும்பையில் ஒரு புற்றுநோய் மையம். சிலிண்டருக்கும் இயந்திரத்துக்கும் நடுவில் ஊழியர்கள் இருவர் சிக்கிச் சுமார் நான்கு மணி நேரம் கிடந்தார்கள். காந்தத்தை உடனே செயலிழக்கச் செய்ய முடியாமல் போனது.

2018 ஜனவரி, மும்பை நாயர் மருத்துவமனை. நோயாளியோடு வந்த 32 வயது உறவினர் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். மெஷின் ஆஃபில் இருக்கிறது, கொண்டுபோகலாம் என்று ஊழியர் சொன்னதாகக் குடும்பத்தார் சொன்னார்கள். சிலிண்டரோடு இழுபட்டு, அதிலிருந்து பீறிட்ட வாயுவைச் சுவாசித்து இறந்தார்.

2021, தென்கொரியாவின் கிம்ஹே. மறுபடியும் ஆக்சிஜன் சிலிண்டர், மறுபடியும் ஒரு மரணம். இறந்தவர் மேசையில் படுத்திருந்த நோயாளி.

2023 ஜனவரி, பிரேசிலின் சாவ் பாவுலோ. தாயாருக்குத் துணையாக வந்த வழக்கறிஞர் இடுப்பில் துப்பாக்கி வைத்திருந்ததைச் சொல்லவில்லை. காந்தம் அதை இழுக்க, குண்டு வயிற்றில் பாய்ந்தது. மூன்று வாரத்தில் இறந்தார்.

உறவினர், உதவியாளர், அவசரத்தில் ஓடிவந்தவர். எம்ஆர்ஐ இயற்பியலைப் பரீட்சைக்குப் படித்தவர்கள் இந்த வரிசையில் அபூர்வம். டெக்னாலஜிஸ்டுகளுக்கு, அதாவது ஸ்கேனை இயக்கும் டெக்னீஷியன்களுக்கு, மட்டும் மேலும் மேலும் வகுப்பு எடுத்தால் விபத்து குறையும் என்று எதிர்பார்ப்பதில் உள்ள ஓட்டை இதுதான்.

வால்ஹாலா சம்பவத்துக்குப் பிறகு, 2002இல் அமெரிக்கக் கதிரியல் கல்லூரியான ஏசிஆர் ஒரு வழிகாட்டு அறிக்கை வெளியிட்டது. பலமுறை திருத்தப்பட்டு இன்று எம்ஆர் பாதுகாப்புக் கையேடாக நிற்கும் அந்த அறிக்கையில் இரண்டு கருத்துகள் முக்கியம்.

முதலாவது, இடத்தை நான்கு மண்டலங்களாகப் பிரிப்பது. யாரும் நடமாடலாம் என்பது முதல் மண்டலம். நோயாளியிடம் விசாரித்து, சோதித்து, உடை மாற்றுவது இரண்டாவது. பூட்டிய கதவுக்குப் பின்னால் உள்ள கன்ட்ரோல் அறைப் பகுதி மூன்றாவது. காந்தம் இருக்கும் அறை நான்காவது. சோதிக்கப்படாத ஒருவர் மூன்றாவதுக்குள் வந்துவிட்டாலே பாதுகாப்பு பாதி போய்விட்டது என்று கொள்ள வேண்டும்.

இரண்டாவது, ஆட்களையும் பிரிப்பது. தன்னை ஆபத்துக்கு உள்ளாக்கிக்கொள்ளாமல் அங்கே வேலை செய்யும் அளவுக்குப் பயிற்சி பெற்றவர் முதல் நிலை. பிறருடைய பாதுகாப்புக்கும் பொறுப்பேற்கும் அளவுக்கு ஆழமாகப் பயின்றவர் இரண்டாம் நிலை. வார்டு பாய், துப்புரவுப் பணியாளர், மயக்க மருந்து டாக்டர், வாட்ச்மேன் என்று அந்தப் பக்கம் வேலையாக வருகிற யாரும் குறைந்தது முதல் நிலையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டாம் நிலை ஆள் ஒருவரின் கண்பார்வையிலேயே இருக்க வேண்டும். இந்தப் பயிற்சியை ஆண்டுக்கு ஒருமுறையாவது புதுப்பிக்க வேண்டும்.

## படித்தது எப்படிப் பழசாகிறது

"எம்ஆர்ஐயின் அடிப்படை மாறவில்லையே, எதற்கு மறுபடி மறுபடி வகுப்பு?" என்று கேட்கும் மூத்த டெக்னீஷியன்கள் இருக்கிறார்கள். அடிப்படை மாறவில்லைதான். அதன்மேல் கட்டிய விதிகள் தலைகீழாக மாறியிருக்கின்றன.

இதயத்துடிப்பைச் சீராக வைக்க உடம்புக்குள் பொருத்தும் பேஸ்மேக்கரை எடுத்துக்கொள்வோம். 1990களில் படித்தவர்களுக்கு இதில் யோசிக்க ஒன்றுமில்லை: பேஸ்மேக்கர் இருந்தால் எம்ஆர்ஐ கிடையாது. 2011 பிப்ரவரியில் அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்டிஏ, குறிப்பிட்ட நிபந்தனைகளோடு எம்ஆர்ஐ எடுக்கத்தக்க முதல் பேஸ்மேக்கருக்கு அனுமதி தந்தது. 2017இல் இன்னொரு படி. எம்ஆர்ஐக்கென்று சான்று பெறாத பேஸ்மேக்கர், துடிப்பு தாறுமாறானால் அதிர்ச்சி கொடுத்துச் சரிசெய்யும் டிஃபிப்ரிலேட்டர் வைத்தவர்களிடம் 1.5 டெஸ்லாவில், நெஞ்சுப்பகுதி தவிர்த்து எடுத்த 1,500 ஸ்கேன்களின் ஆய்வு வெளியானது. மரணம் ஒன்றுகூட இல்லை, லீட் எனப்படும் மின்கம்பிகளும் பழுதாகவில்லை. ஒரே ஒரு டிஃபிப்ரிலேட்டரை மட்டும் உடனே மாற்ற வேண்டியிருந்தது. ஸ்கேனுக்கு முன் நெறிமுறைப்படி அதன் அமைப்பை மாற்றாமல் விட்டதுதான் கோளாறு.

அந்த ஒற்றை விதிவிலக்கு நிறையச் சொல்கிறது. 'கூடாது' என்ற விதியைப் பின்பற்றப் படிப்பே தேவையில்லை. 'நிபந்தனையோடு கூடும்' என்ற விதிதான் வேலை வாங்கும். அப்படிப்பட்ட நோயாளி வந்தால் பார்க்க வேண்டியவை:

1. கருவியின் மாடல் எண் மட்டும் போதாது, லீடின் மாடல் எண்ணும் வேண்டும். சான்று இரண்டும் சேர்ந்த தொகுப்புக்கே. புது பேஸ்மேக்கரைப் பழைய லீடில் மாட்டியிருந்தால் சான்று செல்லாது.

2. எக்ஸ்ரேயில், எங்கும் இணைக்கப்படாமல் உள்ளேயே விட்டுவிட்ட பழைய லீட் தெரிகிறதா? இருந்தால் அதன் நுனி சூடாகலாம்.

3. எந்தக் காந்த வலிமைக்கு அனுமதி, ரேடியோ சக்தியின் வரம்பு என்ன?

4. ஸ்கேனுக்கு முன் எம்ஆர்ஐ நிலைக்கு மாற்றுவதும், முடிந்ததும் பழைய நிலைக்குத் திருப்புவதும் யார் பொறுப்பு? இந்தத் திருப்புவதுதான் மறந்துபோகும்.

5. ஸ்கேன் நேரம் முழுக்க இசிஜியும் ஆக்சிஜன் அளவும் யார் பார்த்துக்கொண்டிருப்பார்கள்?

மூன்றாவதில் ஒரு பொறி இருக்கிறது. 3 டெஸ்லாவில் பாதுகாப்பானது என்றால் 1.5இல் இன்னும் பாதுகாப்பாகத்தானே இருக்கும் என்று தோன்றும். இழுவிசையில் அப்படி நினைக்கலாம், சூட்டில் முடியாது. 1.5 டெஸ்லாவில் ரேடியோ அலையின் அதிர்வெண் சுமார் 64 மெகாஹெர்ட்ஸ். 3 டெஸ்லாவில் 128. உடல் திசுவுக்குள் பாதி அலைநீளம் முதலாவதில் ஏறத்தாழ 25 சென்டிமீட்டர், இரண்டாவதில் அதில் பாதி. கம்பியின் நீளம் எந்த அலைக்குப் பொருந்துகிறதோ அந்த இடத்தில்தான் அதிகம் சூடேறும். 25 சென்டிமீட்டர்க் கம்பி ஒன்று 3 டெஸ்லாவில் தப்பித்து 1.5இல் சுட்டுவிடலாம். அதனால்தான் 'இந்த வலிமைக்கு' என்று உற்பத்தியாளர் எழுதியிருப்பதை அப்படியே படிக்கச் சொல்கிறார்கள். பொருள்களின் மேல் ஒட்டும் அடையாளமும் 2005இல் மாறியது: பச்சைச் சதுரம் என்றால் எந்த எம்ஆர்ஐக்கும் பாதுகாப்பு, மஞ்சள் முக்கோணம் என்றால் நிபந்தனையோடு, குறுக்குக்கோடு போட்ட சிவப்பு வட்டம் என்றால் உள்ளேயே விடாதே. மஞ்சளைப் பச்சைபோல் எடுத்துக்கொள்வது இன்றும் நடக்கிற தவறு.

அடுத்தது கடோலினியம், அதாவது படம் தெளிவாகத் தெரியப் போடும் கான்ட்ராஸ்ட் ஊசி. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு சிடி ஸ்கேனுக்குப் போடும் அயோடின் ஊசியைவிட இது நல்லது என்று ஒரு காலத்தில் விரும்பியே போட்டார்கள். 2006இல் ஆஸ்திரியாவிலிருந்தும் டென்மார்க்கிலிருந்தும் வந்த அறிக்கைகள், சிறுநீரகம் செயலிழந்தவர்களின் தோலும் மூட்டும் கல்லாக இறுகிப்போகும் கொடிய நோயை இந்த ஊசியோடு இணைத்தன. மறு வருடமே எஃப்டிஏ கடுமையான எச்சரிக்கை போட்டது. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவை ரத்தத்தில் பார்க்காமல் ஊசி இல்லை என்பது அப்போது வந்த பழக்கம். பிறகு எல்லா ஊசியும் ஒன்றில்லை என்று தெரிந்தது. கடோலினியத்தைக் கூண்டுபோல் சுற்றிப் பிடித்திருக்கும் மூலக்கூறுகள் அதை எளிதில் விடுவதில்லை. நீள்வடிவ மூலக்கூறுகளில் பல விட்டுவிடுகின்றன. 2014இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் மூளையில் கடோலினியம் தங்குவதற்கான அறிகுறிகளைக் காட்டினார்கள். 2017இல் ஐரோப்பா நீள்வடிவ வகைகள் பலவற்றை நிறுத்திவைத்தது. ஆபத்து மிகக் குறைந்த இரண்டாம் தொகுதி ஊசிகளுக்குச் சிறுநீரகப் பரிசோதனை கட்டாயமில்லை என்கிறது ஏசிஆரின் வகைப்பாடு. நல்லது, ஆபத்து, வகையைப் பொறுத்தது என்று ஒருவரின் பணிக்காலத்துக்குள்ளேயே மூன்று பதில்கள். நடுவில் நின்றுபோனவர்தான், பாதுகாப்பான ஊசி கையில் இருக்கும்போதே கிரியாட்டினின் ரிப்போர்ட்டுக்காக அவசர ஸ்கேனை நாளைக்குத் தள்ளுகிறார்.

ஹீலியத்தின் கதை சிறியது. வழக்கமான காந்தத்தில் 1,500 லிட்டர் அளவுக்குத் திரவ ஹீலியம் இருக்கும். 2018இல் பிலிப்ஸ் நிறுவனம் கொண்டுவந்த மூடிய காந்தத்தில் வெறும் 7 லிட்டர். ஆவியாகும் ஹீலியத்தைக் கூரைக்குக் கொண்டுபோகும் வெளியேற்றுக் குழாயே அதற்கு வேண்டாம். அவசரத்தில் காந்தத்தை அணைக்கும் விதமும் அதற்கேற்ப மாறுகிறது. ஒரே மருத்துவமனையில் இரண்டு வகையும் இருந்தால் இரண்டுக்கும் தனித்தனிப் பாடம் வேண்டும்.

## மணிக்கணக்கு எப்படிப் போடுகிறார்கள்

தொழில்முறைத் தொடர்கல்வி என்றால், பதிவோ சான்றிதழோ காலாவதியாகாமல் இருக்கத் தொடர்ந்து படித்ததற்குக் காட்டும் ஆதாரம். நாட்டுக்கு நாடு அதை அளக்கும் விதம் வேறு.

அமெரிக்காவில் ஏஆர்ஆர்டி என்ற சான்றளிப்பு அமைப்பில் பதிவுள்ள டெக்னாலஜிஸ்டுகள் இரண்டு ஆண்டுக்கு 24 கிரெடிட் சேர்க்க வேண்டும். 50 முதல் 60 நிமிட வகுப்பு ஒரு கிரெடிட். 2011 ஜனவரி முதல் சான்று பெற்றவர்கள் பத்தாண்டுக்கு ஒருமுறை தங்கள் துறையின் இன்றைய பாடத்திட்டத்தோடு தங்களை ஒப்பிட்டு, குறை தெரியும் பகுதிகளை மட்டும் படித்துச் சரிசெய்ய வேண்டும். வெறும் மணியை எண்ணுவதைவிட இந்த ஏற்பாட்டில் அறிவு அதிகம். எம்ஆர்ஐ பாதுகாப்புக்கென்றே 2014இல் ஒரு தேர்வு வாரியமும் வந்தது. பொறுப்பு மருத்துவர், அன்றாடப் பாதுகாப்பு அலுவலர், ஆலோசனை சொல்லும் இயற்பியல் வல்லுநர் என்று மூன்று பொறுப்புகளுக்குத் தனித்தனிச் சான்று தருகிறார்கள்.

பிரிட்டனில் மணிக்கணக்கே கிடையாது. எச்சிபிசி என்ற ஒழுங்குமுறை அமைப்பு, பதிவைப் புதுப்பிக்கும் நேரத்தில் ஒவ்வொரு தொழிலிலும் 2.5 சதவீதம் பேரைக் குலுக்கலில் எடுத்துக் கேட்கிறது: என்ன கற்றீர்கள், அதனால் உங்கள் வேலையும் நோயாளிக்குக் கிடைத்த சேவையும் எப்படி மாறின? உட்கார்ந்து தூங்கிவிட்டு வந்தவரால் அதற்குப் பதில் எழுத முடியாது. ஆனால் வருகிற 2.5 சதவீதத்தில் தன் பெயர் இருக்காது என்ற தைரியமும் ஒரு பக்கம் உண்டு.

இந்தியாவில் டாக்டர்களுக்கு 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகள் ஐந்து ஆண்டுக்கு 30 மணி நேரத் தொடர்கல்வியைச் சொல்கின்றன. ஸ்கேன் படங்களைப் படித்து ரிப்போர்ட் எழுதும் டாக்டரான ரேடியாலஜிஸ்டும் அதற்குள் வருவார். ஆனால் அந்த 30 மணியில் எம்ஆர்ஐ பற்றி ஒரு நிமிடமாவது இருக்க வேண்டும் என்று எங்கும் இல்லை. சிடி, எக்ஸ்ரே இரண்டும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் பார்வைக்குள் வருபவை. கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலர், கதிர்வீச்சை அளக்க ஊழியர் நெஞ்சில் குத்தும் டிஎல்டி பேட்ஜ், உரிமம் எல்லாம் அதன் வழியாக வருகின்றன. எம்ஆர்ஐயில் அயனியாக்கும் கதிர்வீச்சு இல்லை, அதனால் அது இந்த வலையில் விழாது. நோயாளிக்கு நல்ல செய்தியான அதே காரணம் மேற்பார்வைக்குக் கெட்ட செய்தியாகிவிட்டது. மீதி இருப்பது மருத்துவமனைத் தரத்துக்கான என்ஏபிஎச் போன்ற விருப்ப அங்கீகாரமும், அந்தந்த நிர்வாகத்தின் அக்கறையும், மெஷின் விற்ற கம்பெனி அனுப்பும் அப்ளிகேஷன் ஸ்பெஷலிஸ்ட் சில நாள் தங்கிச் சொல்லித்தருவதும்தான். அவரிடம் கற்றவர் வேறு ஊருக்கு வேலை மாறிப் போனால் பாடமும் அவரோடு போய்விடும்.

சரி, கிரெடிட் முறை வந்துவிட்டால் தீர்ந்ததா? வெஸ்ட்பரி இருப்பது கிரெடிட் எண்ணும் நாட்டில்தான்.

## வகுப்பில் என்ன இருந்தால் பயன்?

முதலில் கேள்வி கேட்கும் கலை. "உடம்பில் இரும்பு இருக்கா?" என்று கேட்டால் "இல்லை" என்றுதான் பதில் வரும். ரத்தக்குழாயில் வைத்த ஸ்டென்டை இரும்பு என்று யாரும் நினைப்பதில்லை. "ஏதாவது ஆபரேஷன் நடந்திருக்கா? தலையில், நெஞ்சில், காதில்? லேத், வெல்டிங், கிரைண்டிங் வேலை பார்த்திருக்கீங்களா? கண்ணில் எப்போதாவது இரும்புத்தூள் பட்டதா?" என்று பிரித்துக் கேட்க வேண்டும். கோயம்புத்தூர்ப் பக்கம் பட்டறையில் இருபது வருடம் நின்றவருக்குக் கடைசிக் கேள்வி சம்பிரதாயமே இல்லை; கண்ணுக்குள் தங்கிய துகள் அசைந்தால் பார்வை போகும். சந்தேகம் என்றால் முதலில் கண் எக்ஸ்ரே. இதே கேள்விகளைத் தேதி கொடுக்கும்போது ஒருமுறை, வந்ததும் ஒருமுறை, கதவருகே ஒருமுறை, முடிந்தால் வேறு வேறு ஆள் கேட்பது நல்லது. உள்ளே வரும் துணையாளிடமும் கேட்க வேண்டும். மேலே சொன்ன விபத்துகளில் சில இந்த ஒரு இடத்தில் நின்றிருக்கும்.

அப்புறம், உள்ளூர்ப் பட்டியல். வெளிநாட்டு ஸ்லைடுகளில் பெல்ட், ஹேர்பின், பேனாக்கத்தி என்று இருக்கும். தமிழ்நாட்டில் ஸ்கேனுக்கு வரும் பெண்ணின் தாலிக்கொடியில் நாலைந்து ஊக்குகள் தொங்கும். தங்கத்தைக் காந்தம் இழுக்காது. எஃகு ஊக்கை இழுக்கும். தாலியைக் கழற்ற மனம் வராதவரிடம் சண்டை போடாமல் முதலில் ஊக்கை எண்ணி வாங்கவும், பிறகு மெதுவாகப் பேசித் தாலியையும் கழற்றச் செய்யவும் பழக்கம் வேண்டும். அரைஞாண் கயிற்றில் தாயத்து இருக்கலாம். உள்ளே தகடா, வேறெதுவா என்று கட்டிக்கொண்டவருக்கே தெரியாது. ஜரிகை வைத்த ரவிக்கை, உலோக இழை கலந்த விளையாட்டு உடைகள் எல்லாம் ரேடியோ அலையில் சூடேறும். வருடக்கணக்காகத் திருகு இறுகிப்போன மூக்குத்தி, கொண்டைக்குள் பூவோடு மறைந்த கொண்டை ஊசி, மெட்டி. மருத்துவமனை உடைக்கு மாறச் சொல்வதை விட்டுவிட்டு 'இதெல்லாம் கழற்றியாச்சா' என்று வாயால் மட்டும் கேட்கும் மையங்களில் இவையெல்லாம் உள்ளே போகும்.

மூன்றாவது, இரண்டு பட்டன்கள். சுவரில் ஒன்று மின்சாரத்தைத் துண்டிக்கும். இன்னொன்று 'க்வென்ச்' பட்டன், காந்தத்தையே செயலிழக்க வைக்கும். ஆள் சிக்கிக்கொண்டிருக்கும்போது முதல் பட்டனை அழுத்தினால் கம்ப்யூட்டர் அணையும், காந்தம் அணையாது. க்வென்ச் அழுத்தினால் ஹீலியம் கொதித்து ஆவியாகிக் குழாய்வழி கூரைக்கு மேலே போகும். காந்தம் ஓரிரு நிமிடத்துக்குள் வலுவிழக்கும். ஒரு லிட்டர் திரவம் 700 லிட்டருக்கு மேல் வாயுவாக விரியும். குழாயில் அடைப்பு இருந்தால் அது அறைக்குள்ளேயே நிரம்பி ஆக்சிஜனைத் தள்ளிவிடும். உள்பக்கம் திறக்கும் கதவென்றால் அழுத்தத்தில் திறக்காமலும் போகலாம். நாற்காலி ஒட்டிக்கொண்டதற்கு யாரும் க்வென்ச் அழுத்துவதில்லை, செலவு லட்சக்கணக்கில். உயிர் சிக்கியிருந்தால் ஒரு நொடிகூட யோசிக்கக் கூடாது. எந்த நிலையில் எந்தப் பட்டன், யாரிடமும் அனுமதி கேட்காமல் அழுத்தும் உரிமை நைட் டியூட்டி டெக்னீஷியனுக்கு உண்டா என்பதெல்லாம் முன்கூட்டியே எழுத்தில் இருக்க வேண்டும்.

நான்காவது ஒத்திகை. மேசையில் நோயாளிக்கு இதயத்துடிப்பு நின்றுவிட்டது என்று வைத்துக்கொண்டு ஒருமுறை செய்து பார்த்தாலே நிலவரம் தெரிந்துவிடும். சரியான முறை, நெஞ்சை அழுத்திக்கொண்டே நோயாளியைக் காந்த அறையை விட்டு வெளியே கொண்டுவருவது, கதவைச் சாத்துவது, மீதி சிகிச்சையை வெளியே தொடர்வது. நடப்பது என்னவென்றால், அவசரக் குழு மூச்சுக்குழாய் போட உதவும் லாரிங்கோஸ்கோப், சிலிண்டர், டிஃபிப்ரிலேட்டர் வண்டி எல்லாவற்றோடும் நேரே உள்ளே ஓடும். உயிர் காப்பாற்ற ஓடிவருகிறவர்களைக் கதவில் நின்று தடுக்கும் தைரியம் ஒரு டெக்னீஷியனுக்கு ஒத்திகையில்தான் வரும். வெபினாரில் வராது.

## ஸ்கேனுக்கு எழுதிக்கொடுக்கும் டாக்டர்

தொடர்கல்விப் பேச்சில் அதிகம் விடுபடுகிறவர் இவர்தான். எம்ஆர்ஐ ரெக்விசிஷனில் 'எம்ஆர்ஐ பிரெயின்' என்று மட்டும் எழுதி அனுப்பினால், பத்து வருடத்துக்கு முன் அந்தத் தலையில், ரத்தக்குழாய்ப் புடைப்பை அடைக்கும் அன்யூரிசம் கிளிப் போட்ட விஷயம் டெக்னீஷியன் மேசைக்கு வருவதில்லை. பழைய கிளிப்களில் சில காந்தத்தில் திரும்பும்; மூளை ரத்தக்குழாயில் அது திரும்பினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. கிளிப்பின் பெயரும் மாடலும் எழுதிய ஆபரேஷன் குறிப்பு இல்லாமல் அந்த ஸ்கேன் நகரக் கூடாது. அதைத் தேடித் தருவது அனுப்பும் டாக்டரின் வேலை. "எடுங்க, ஒன்றும் ஆகாது" என்று போனில் சொல்வது அவர் வேலையில் சேராது.

ரிப்போர்ட் படிக்கும் பக்கமும் நகர்ந்துகொண்டே இருக்கிறது. புராஸ்டேட் எம்ஆர்ஐக்கான பைராட்ஸ் மதிப்பெண் முறை 2012இல் வந்து, 2015இலும் 2019இலும் மாறியது. எந்தப் பதிப்பில் போட்ட 3 மதிப்பெண் என்று தெரியாமல் பயாப்சி முடிவு எடுத்தால் ஒருவருக்குத் தேவையற்ற ஊசி, இன்னொருவருக்குத் தவறிய புற்றுநோய்.

இப்போது செயற்கை நுண்ணறிவும் சேர்ந்துவிட்டது. குறைந்த நேரத்தில் எடுத்த இரைச்சலான தரவை மென்பொருள் சுத்தம் செய்து அழகான படமாகத் தருகிறது. நல்ல விஷயம்தான், வலியோடு படுத்திருப்பவருக்கு ஒவ்வொரு நிமிடமும் லாபம். ஆனால் அழகான படம் எல்லாமே உண்மையான படம் இல்லை. சின்னப் புண்ணை மென்பொருள் வழித்துவிடலாம், இல்லாத அமைப்பை வரைந்தும் விடலாம். சந்தேகம் வந்தால் சுத்தம் செய்யாத படத்தையும் எடுத்துப் பார்க்கும் வழியை ரேடியாலஜிஸ்டும் டெக்னாலஜிஸ்டும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். இதைவிட எனக்குக் கவலை தருவது வேறு. அரை மணி ஸ்கேன் கால் மணியானால், மிச்சமான கால் மணியில் இன்னொரு நோயாளியைச் சேர்க்கத்தான் நிர்வாகம் பார்க்கும். ஊக்கை எண்ணும் நேரம் அங்கேதான் அடிபடும்.

## 2021 சட்டம் எங்கே நிற்கிறது?

இந்தியாவில் டெக்னாலஜிஸ்டுகளுக்கான மாற்றம் 2021ஆம் ஆண்டு துணை மருத்துவ, சுகாதாரத் தொழிலர் தேசிய ஆணையச் சட்டத்தோடு தொடங்கியது. மருத்துவக் கதிரியல், படமெடுப்புத் தொழில்நுட்பம் அதில் ஒரு தனிப்பிரிவு. துணை மருத்துவத் தொழிலருக்குக் குறைந்தது 2,000 மணி நேரப் படிப்பு, சுகாதாரத் தொழிலருக்கு 3,600 மணி நேரம் என்று வரையறுத்து, மத்தியப் பதிவேடும் மாநிலப் பதிவேடுகளும் உருவாக வழி செய்தது. யார் வேண்டுமானாலும் ஆறு மாத சர்டிஃபிகேட்டோடு மெஷினில் உட்காரலாம் என்ற நிலைக்கு எதிரான சட்டபூர்வ அடி இது.

பதிவேடு என்று வந்துவிட்டால் அதைப் புதுப்பிப்பது என்றும் வரும். அந்த விதிகளில் கவனிக்க வேண்டியவை:

1. புதுப்பிக்க வெறும் மணிக்கணக்கு கேட்கிறார்களா, அல்லது எம்ஆர்ஐயில் வேலை செய்பவருக்கு எம்ஆர் பாதுகாப்பு என்று தனிப்பங்கு ஒதுக்குகிறார்களா?

2. ஒத்திகைக்கும் தன் மையத்தில் நடந்த தவறுகளை அலசும் கூட்டத்துக்கும் கிரெடிட் உண்டா? அரங்கில் உட்கார்ந்ததற்கு மட்டும் என்றால் ஹோட்டல் மதிய உணவோடு முடிந்துவிடும்.

3. தமிழில் பாடம் உண்டா? டெக்னாலஜிஸ்ட் ஆங்கிலத்தில் சமாளிப்பார். ஸ்ட்ரெச்சர் தள்ளுபவருக்கும் துப்புரவுப் பணியாளருக்கும் ஆங்கில ஸ்லைடு போட்டு அட்டெண்டன்ஸில் கையெழுத்து வாங்குவதில் அர்த்தமில்லை.

4. பதிவேட்டிலேயே வராத இந்த ஊழியர்களுக்கு யார் பொறுப்பு? சட்டம் தொழிலர்களைத்தான் பதிவு செய்யும். கான்ட்ராக்டில் வந்து மூன்று மாதத்தில் மாறிப்போகும் வார்டு பாய் அதன் எல்லைக்கு வெளியே நிற்கிறார். அவருக்கான ஆண்டுப் பயிற்சியை மருத்துவமனைக்கான உரிம நிபந்தனையில்தான் சேர்க்க முடியும். அது ஆணையத்தின் கையில் இல்லை, மாநில அரசுகளின் சுகாதாரத் துறைகளிடம் இருக்கிறது.